குரல் உடையும் வரை வள்ளி

பி.யு. சின்னப்பா முதன்முதலாக மேடை ஏறியது ஐந்து வயதில், 'சதாரம்' நாடகத்தில், குட்டித் திருடனாக. 1916இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தகப்பனார் உலகநாத பிள்ளையும் நாடகக்காரர்தான். அந்தச் சதாரத்தின் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாயகி கணவனைப் பிரிந்து தனியாகிறாள். திருடன் ஒருவன் அவளை விடாமல் தொடர்கிறான். தன்னைக் காத்துக்கொள்ள ஆண் உடை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். பாலர் கம்பெனிகள் இந்த நாடகத்தை ஆடியபோது சதாரமாக வந்தவன் ஒரு பையன். பையன் சேலை கட்டிப் பெண்ணாகி, அந்தப் பெண் நடுச்சாமத்தில் தலைப்பாகை கட்டி ஆணாகிறாள். பந்தலில் உட்கார்ந்திருந்த சனம் இதில் எங்கேயும் வழி தவறவில்லை. தவறியிருந்தால் அந்த நாடகம் அத்தனை ஆண்டு தென்னாடெங்கும் ஓடியிருக்காது. 1956இல் ஜெமினி கணேசனும் பானுமதியும் நடித்துப் படமாகவும் வந்திருக்காது. ஜெமினியும் புதுக்கோட்டையில் பிறந்தவர்தான். அவரிடம் பிறகு வருகிறேன்.

ஸ்திரீபார்ட் போட்ட ஆண்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. நடிகர்களே தங்கள் வாழ்க்கையை எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள், எதற்குத் தலையாட்டினார்கள், எதற்கு எழுந்து போனார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. பெண்கள் சொன்னதோ அடியோடு போய்விட்டது. நான் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஆவணம் என் அப்பத்தாவின் வாய்ப்பேச்சு. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அப்பத்தா ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ச்சுனா, கோவலன், நல்லதங்காள் எல்லாம் காட்சி வரிசை மாறாமல் தெரியும். மாசி, பங்குனி வந்தால் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கு விரித்து, பிள்ளை குட்டிகளோடு திருவிழாவுக்குத் திருவிழா போனவள். நடிகர்களின் பெயர் அவளுக்கு நினைவில் நிற்காது. எந்தத் திருவிழாவில் பார்த்தாளோ அந்த ஊர்ப் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வாள். கொன்னையூர் வள்ளி, திருவப்பூர் வள்ளி, நார்த்தாமலைச் சந்திரமதி. இவர்கள் எல்லோரும் ஆண்கள்.

அவளுடைய தீர்ப்புகள் கறாரானவை. "அழுகையில தோளு குலுங்குனா அது ஆம்பள. மூச்சு அடங்கிப் போகணும், அதுதான் பொம்பள அழுகை" என்பாள். தினைப்புனத்தில் கவண் சுழற்றும்போது முந்தானையைப் பார்க்கிற வள்ளி அவளுக்குப் பிடிக்காது. காட்டில் வளர்ந்தவள் கிளியைத்தான் பார்ப்பாள், சேலையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாளாம். நாரதரிடம் பேசும்போது ஒரு குரல், முருகனோடு தர்க்கம் பண்ணும்போது வேறு குரல் வரவேண்டும் என்பதும் அவள் கணக்கு. பெரியவரிடம் அடங்கியும் வம்பனிடம் அடங்காமலும் பேசத் தெரியாதவள் வள்ளியே இல்லை. திருவப்பூர் வள்ளிக்கு முகம் லட்சணமில்லை, மூக்கு பெரிது, ஆனாலும் "அவ சண்டை போட்டா நமக்கு நெஞ்சு நிமிரும்" என்று எண்பது வயதிலும் சொன்னாள். நான் கேட்ட முதல் நாடக விமர்சனம் அது. பிற்பாடு படித்தவை பலவும் அதைவிட மெலிந்தவை.

இப்படிக் கறாராகக் கேட்கிற காது இந்த ஊருக்கு எப்படி வந்தது என்றால், இது லயத்துக்குப் பேர்போன ஊர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் இங்கேதான். நாடகத்தை விட்டுவிட்டுத் தீர்த்த யாத்திரை கிளம்பிய சங்கரதாஸ் சுவாமிகள் புதுக்கோட்டைக்கு வந்தபோது, மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டார். தாள நுணுக்கமெல்லாம் சுவாமிகளுக்கு அந்த உறவில் வாய்த்தது. அதன்பிறகுதான் அவர் மறுபடி நாடகத்துக்குத் திரும்பினார். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922இல் புதுச்சேரியில் இறந்தார். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று அவரைச் சொல்வதில் மிகையில்லை. இன்றைக்கும் எங்கள் மாவட்டத்துப் பந்தல்களில் விடிய விடிய நடக்கிற வள்ளி திருமணத்துக்கு மூலம் அவர் எழுதியதுதான்.

சுவாமிகள் சனீஸ்வரனாக வேடம் கட்டி விடியற்காலையில் வந்தபோது அதைப் பார்த்த கர்ப்பிணி ஒருத்தி அதிர்ந்து விழுந்தாள், அதோடு அவர் நடிப்பையே விட்டார் என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. வேடத்தைப் பார்த்துச் சனம் எவ்வளவு நம்பியது என்பதற்கு அந்தக் கதை நிலைத்து நின்றதே சாட்சி. வளர்ந்த நடிகர்கள் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை, குடித்துவிட்டு வந்தார்கள், பாடத்தை மாற்றினார்கள். சுவாமிகள் சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கியது. டி.கே.எஸ். சகோதரர்கள் வளர்ந்தது அங்கே. சின்னப்பாவும் அந்தச் சபாவில் இருந்துவிட்டு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். அங்கேதான் எம்.ஜி.ஆரும் சிறுவனாக இருந்தார்.

பாலர் கம்பெனியின் வாழ்க்கை மடத்துக்கும் சிறைக்கும் நடுவில் இருந்தது. பெற்றோரிடம் இத்தனை வருஷம் என்று ஒப்பந்தம் எழுதி வாங்குவார்கள். விடியலில் எழுப்பிப் பாட்டு, பகலில் வசனம், சாயங்காலம் ஒப்பனை, ராத்திரி நாடகம். அழகான முகமும் நீண்ட குரலும் உள்ள பையனுக்கு ஸ்திரீபார்ட் விழும். மைக் இல்லாத காலம். ஐந்து கட்டையில் நின்று பாடினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். அந்தச் சுருதி பையன்களுக்கு எளிதில் வந்தது. முத்துவெள்ளை அரைத்துப் பூசி, சவுரி வைத்துப் பின்னி, கில்ட் நகை பூட்டி, காஸ் விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தினால் மேடையில் ஒரு பெண் நிற்பாள். 

அப்புறம் ஒரு நாள் மகரக்கட்டு வரும். பதினான்கோ பதினைந்தோ வயதில், ஒரு வாரத்தில், சில சமயம் ஒரே ராத்திரியில், குரல் இரண்டாகப் பிளக்கும். நேற்றுவரை ஊர் கொண்டாடிய சந்திரமதி இன்றைக்கு வாயைத் திறந்தால் சிரிப்பு வருகிறது. கம்பெனி அவனை ஒதுக்கும். சிலர் ராஜபார்ட்டாகத் திரும்பி வந்தார்கள். சிலர் திரை இழுக்கப் போனார்கள். பலர் ஊருக்குத் திரும்பினார்கள். சின்னப்பாவுக்கும் மகரக்கட்டு வந்தது, கம்பெனியை விட்டார். ஆனால் அவர் உடம்பைத் தேற்றி, சிலம்பம் பழகி, சங்கீதத்தை முறையாகக் கற்று, ஸ்பெஷல் நாடக மேடையில் மறுபடி எழுந்தார். 1936இல் 'சந்திரகாந்தா', 1940இல் 'உத்தம புத்திரன்', 1942இல் 'கண்ணகி', 1944இல் 'ஜகதலப்பிரதாபன்'. 1951இல் இறந்தபோது வயது முப்பத்தைந்து. எல்லோருக்கும் அந்தத் திடமும் அதிர்ஷ்டமும் இருக்கவில்லை.

இங்கே ரசிகர்களைப் பற்றி ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பையனைப் பெண்ணாக நம்பியது அவர்களுடைய பெருமை என்றால், குரல் உடைந்த ராத்திரியில் அவனைக் கூச்சலிட்டு உள்ளே அனுப்பியதும் அவர்கள்தான். மெடல் குத்தியவரும் கல் எறிந்தவரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்கு வெளியே, பகலில், டீக்கடையில், "என்னடி வள்ளி" என்று கூப்பிட்டுச் சிரித்ததும் ஆண் ரசிகர்கள்தான். சேலை கட்டியவன் மேடையில் சிரிப்புக்குரியவனாக இருக்கவில்லை. மேடையிலே சிரிக்க வைக்கப் பபூன் இருந்தான். பபூன் சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு வந்தால் அது வேறு. பந்தல் உருண்டு சிரிக்கும். அடுத்த காட்சியில் வள்ளி வந்தால் அதே பந்தல் அடங்கும். ஒரே ராத்திரியில் ஒரே துணியைப் பார்த்து இரண்டு விதமாக நடந்துகொள்ளத் தெரிந்த சனம், பகலில் மட்டும் அந்த வித்தியாசத்தைத் தொலைத்துவிட்டது.

அப்பத்தாவிடம் ஒருமுறை கேட்டேன், அந்தப் பையன்களைப் பகலில் பார்த்திருக்கிறாயா என்று. பார்த்திருக்கிறாள். திருவிழாவுக்கு மறுநாள் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தானாம், புருவத்தில் மை போகாமல். இவள் வண்டியிலிருந்து இறங்கி ஒரு சொம்பு மோர் கொடுத்திருக்கிறாள். "எஞ்சாமி, மெலிஞ்சு கெடந்தான்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் ஆணா பெண்ணா என்ற கேள்வி அவளுக்கு எழவே இல்லை. நல்ல சோறு கிடைக்கவில்லை என்பதைத்தான் கண்டாள்.

அப்பத்தாவின் பெருந்தன்மைக்கும் ஓர் எல்லை இருந்தது. அது பெண்கள் மேடைக்கு வந்தபோது தெரிந்தது.

பின்னணியில் ஊரின் கதையையும் பார்க்க வேண்டும். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண் பிள்ளைகள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் இடம் கேட்டார். ஊர் எதிர்த்தது. பையன்களின் மனம் கெடும் என்றார்கள், இசை வேளாளர் குலத்துப் பெண்ணின் மகள் என்றார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அந்தப் பெண் பிறகு மருத்துவரானார், சென்னை சட்டமன்றத்துக்குப் போனார், தேவதாசி ஒழிப்புக்காகப் போராடினார். சட்டம் வந்தது 1947இல். பையன்கள் படிக்கிற இடத்தில் ஒரு பெண் உட்காருவதைப் பொறுக்க முடியாத அதே காலத்தில்தான், பெண் நிற்க வேண்டிய இடத்தில் பையன் நிற்பதற்கு மெடல் குத்தினார்கள். ஒன்றை ஒழுக்கக்கேடு என்றார்கள், இன்னொன்றைக் கலை என்றார்கள். விராலிமலையில் முருகன் முன்னால் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சதிர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த மரபின் கடைசிக் கண்ணியான முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே முருகனோடு தர்க்கம் பண்ணுகிற வள்ளி மட்டும் மலைக்குக் கீழே ஆணாக இருந்தாள்.

1920களில் நிலைமை மாறத் தொடங்கியது. பாலர் கம்பெனிகளுக்குப் பக்கத்திலேயே ஸ்பெஷல் நாடகம் வளர்ந்தது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவது அதன் முறை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டு தெரியும், மற்றதை மேடையில் பார்த்துக்கொள்வார்கள். இதில் பெண்கள் வந்தார்கள். கொடுமுடியிலிருந்து வந்த கே.பி. சுந்தராம்பாள் வந்தார். அவரும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து பாடுகிற நாடகம் என்றால் ஊர் காலியாகும். 1933இல் கிட்டப்பா இறந்தார். ஆணுக்கு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று இருந்தவரை 1935இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு அழைத்தார்கள். நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்துக்கு அது நம்ப முடியாத தொகை. வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1941இல் 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதரானார், அந்தச் சம்பளம் 'கல்கி' பத்திரிகை தொடங்கக் கை கொடுத்தது. ஆண் வேடத்துப் பெண்ணை ரசிகர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், அவள் பக்தனாகவோ முனிவனாகவோ வந்தவரையில்.

பெண்ணாகவே வந்த பெண்ணின் கதை வேறு. அப்பத்தா தன் மகளை, அதாவது என் அத்தையை, பெண் வள்ளி நடிக்கிற நாடகத்துக்கு அனுப்ப மாட்டாள். "கூத்தாடிச்சியப் பாத்து என்னத்தக் கத்துக்கப் போற?" என்பாள். ஆண் வள்ளியைப் பார்க்க அதே மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள் அவள். அத்தை வளர்ந்து வாய் பேசத் தொடங்கியதும் இந்தச் சண்டை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓயாமல் நடந்தது. ஒரு மழைக்கால ராத்திரியில் நடந்தது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அப்பத்தா, "இப்ப வர்றவளுக்கு நடையே வரல, வள்ளி அப்படியா நடப்பா?" என்றாள். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆத்தா, அவ பொம்பள. அவ எப்புடி நடந்தாலும் அது பொம்பள நடதான். நீ ஆம்பள போட்ட நடையப் பாத்துப்புட்டு அத அளவுகோலா வச்சிருக்க" என்றாள்.

அத்தை எட்டாம் வகுப்போடு நின்றவள். இந்தத் துறையில் பின்னால் நான் படித்த ஆராய்ச்சியெல்லாம் சுற்றி வளைத்துச் சொன்னதை அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். ஆண்கள் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய ஒரு பெண் மேடையில் நின்றுவிட்டாள். நிஜப் பெண்கள் வந்தபோது அவள் மாதிரி இல்லையே என்று அவர்களைக் குறை சொன்னார்கள். மராட்டியத்தில் பாலகந்தர்வர் என்று ஒரு நடிகர் இருந்தார், 1888இல் பிறந்தவர். அவர் மேடையில் சேலை உடுத்துகிற விதத்தையும் பூ வைக்கிற விதத்தையும் பார்த்துக் குடும்பப் பெண்கள் பின்பற்றினார்கள். அது அவர் கலையின் உச்சம், சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு அதை நினைக்கும்போது மகிழ்ச்சியும் சங்கடமும் சேர்ந்தே வருகின்றன.

இதே கதை ஜப்பானில் இன்னும் கூர்மையாக நடந்திருக்கிறது. கபுகி நாடகத்தில் பெண்கள் நடிக்கக் கூடாது என்று 1629இல் அரசு தடை போட்டது. இளம்பையன்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். 1652இல் அவர்களுக்கும் தடை. வளர்ந்த ஆண்களே பெண் வேடத்தை ஒரு தனிக் கலையாக வளர்த்தார்கள். அந்தக் கலையில் பெயர் பெற்ற யொஷிசாவா அயாமே என்பவர், மேடைக்கு வெளியிலும் பெண்ணாகவே வாழ்ந்து பழகினால்தான் வேடம் நிற்கும் என்று கற்பித்தார். இருபதாம் நூற்றாண்டில் எதிர்த் திசையிலிருந்து ஒன்று வந்தது. தக்கராசுகா என்ற ஊரில் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழு, 1914இல் முதல் நாடகம். ஆண் வேடமும் பெண்களே போட்டார்கள். அந்த ஊரில் வளர்ந்த டெசுகா ஒசாமு, ஆண் உடையில் வாள் வீசும் இளவரசியை வைத்து 1953இல் சித்திரக்கதை வரைந்தார். அனிமேயில் இன்று காண்கிற ஆண் உடைப் பெண்களுக்கெல்லாம் அவள் ஒரு மூதாதை.

என் பேத்தி இந்த அனிமேக்களைப் பார்க்கிறவள். அவளும் தோழிகளும் விடுமுறையில் எங்கள் வீட்டில் கூடினால் வாக்குவாதம்தான். 2006இல் வந்த 'ஊரான் ஹை ஸ்கூல் ஹோஸ்ட் கிளப்' என்ற தொடரை எனக்கும் போட்டுக் காட்டினார்கள். பணக்காரப் பள்ளியில் உதவித்தொகையில் படிக்கும் ஹாருஹி என்ற பெண், விலையுயர்ந்த பூச்சாடியை உடைத்துவிட்டு, கடனை அடைக்க ஆண் பிள்ளைகளின் மன்றத்தில் ஆணாக இருந்து வேலை செய்கிறாள். ஆணென்றும் பெண்ணென்றும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவளுடைய அப்பா பெண் உடை உடுத்தி மதுக்கூடத்தில் வேலை செய்கிறவர். ஹாருஹியை எல்லோருக்கும் பிடித்திருந்தது. சண்டை அப்பாவைப் பற்றித்தான். அவரைச் சிரிப்புக்காக வைத்திருக்கிறார்கள் என்று ஒருத்தி. சிரிக்க வைத்தாலும் மகள்மேல் உயிரையே வைத்திருக்கிற தகப்பனாகத்தானே காட்டியிருக்கிறார்கள் என்று இன்னொருத்தி. பெண் ஆண் உடை போட்டால் கம்பீரம், ஆண் பெண் உடை போட்டால் கேலி, அது என்ன கணக்கு என்று மூன்றாவது பெண் கேட்டாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். திண்ணையில் அப்பத்தாவும் அத்தையும் போட்ட அதே சண்டை, ஆட்கள்தான் வேறு.

அந்த மூன்றாவது பெண்ணின் கேள்விக்கு நம் சினிமாவில் பதில் இருக்கிறது. மேடையில் அழவும் தர்க்கம் பண்ணவும் செய்த ஸ்திரீபார்ட், படத்துக்கு வந்ததும் பபூனின் சேலையாகிவிட்டது. கதாநாயகன் வில்லனை ஏமாற்றவோ காதலியின் வீட்டுக்குள் நுழையவோ சேலை கட்டுவான், அரங்கம் சிரிக்கும், அடுத்த காட்சியில் சேலையை உரிந்து போட்டுச் சண்டை போடுவான். நமது பெரிய நடிகர்கள் வந்த வழியை நினைத்தால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும். சிவாஜி கணேசன் கம்பெனியில் சிறுவனாக ஏற்ற முதல் வேடம் சீதை. அவர் கண்ணும் கழுத்தும் பேசிய பேச்சில் பாதி ஸ்திரீபார்ட் கற்றுக்கொடுத்தது என்பது என் துணிபு. டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து, அவர் பெயருக்கு முன்னால் 'அவ்வை' என்றே நிலைத்துவிட்டது. அதே ஔவையாராக 1953இல் திரையில் வந்தவர், முன்பு நந்தனாராக நடித்த சுந்தராம்பாள். மேடையில் ஓர் ஆண் பாட்டி, திரையில் ஒரு பெண் பாட்டி. தமிழ்ச் சனம் இரண்டு பேரையும் ஔவை என்றே கும்பிட்டது.

சிறு வயதில் டி.கே.எஸ். நாடக சபாவில் இருந்த கமல்ஹாசன், 1996இல் 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்துப் படம் எடுத்தது குருவுக்கான வணக்கம். கதைக்கரு 'மிஸஸ் டவுட்ஃபயர்' என்ற ஹாலிவுட் படத்திலிருந்து வந்தது, படம் முழுக்கச் சிரிப்பு. இருந்தாலும் அந்த மாமி மடிசாரை இழுத்துச் செருகுகிற விதத்திலும், குழந்தையைப் பார்க்கிற பார்வையிலும் பழைய மேடையின் பயிற்சி தெரிகிறது. மாமியை மாமி என்றே நம்பிக் காதலில் விழுகிற பெரியவராக நடித்தவர் ஜெமினி கணேசன். அவர் அதைக் கேலியாகச் செய்யவில்லை. வயதான காலத்தில் வந்த உண்மையான ஆசையாகவே நடித்தார். படம் வந்தபோது அப்பத்தா இல்லை. அத்தை இருந்தாள். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "நம்மூர்க்காரரு மட்டுந்தான் அந்த வேசத்துக்கு மரியாதை குடுத்திருக்காரு" என்றாள். அத்தைக்கு எதையும் புதுக்கோட்டையோடு முடிச்சுப் போடுகிற பழக்கம் உண்டு. இந்த இடத்தில் அவள் சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போதும் எங்கள் மாவட்டத்தில் கோடைத் திருவிழா என்றால் வள்ளி திருமணம் உண்டு. நடிகர்களின் படங்களை வரிசையாக அச்சிட்ட சுவரொட்டி அறந்தாங்கி, கீரமங்கலம், திருமயம் எங்கும் பங்குனியிலேயே ஒட்டிவிடுவார்கள். வள்ளியாக நடிப்பது பெண்கள்தான். ஆண் ஸ்திரீபார்ட் அரிதாகிவிட்டது. குறவன் குறத்தி ஆட்டத்திலும் கரகாட்டத்திலும் அதன் மிச்சத்தைச் சில இடங்களில் பார்க்கலாம். வள்ளியாக வருகிற பெண்களை ஊர் பேசுகிற பேச்சு முன்னைவிடக் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு முருகனோடு இலக்கணமும் புராணமும் பேசி, பாட்டுக்குப் பாட்டு, கேள்விக்குக் கேள்வி மடக்குகிற ஒருத்தி, விடிந்ததும் முக்காடு போட்டுக்கொண்டு வேனில் ஏறிப் போகிறாள். அவளுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்குகிற தெருக்கள் இன்னும் இருக்கின்றன.

என் சிறு வயதில் அத்தை என்னை ஒரு நாடகத்துக்கு அழைத்துப் போனாள். அப்பத்தாவிடம் கோவிலுக்கு என்று சொல்லிவிட்டுத்தான். அப்போது மைக் வந்துவிட்ட காலம். நல்ல பாட்டு, நல்ல தர்க்கம் என்றால் ரசிகர்கள் மேடைக்குப் பணம் அனுப்புவார்கள். "இன்னார் மகன் இன்னார், ராஜபார்ட் அவர்களுக்கு ஐந்து ரூபாய் அன்பளிப்பு" என்று பாட்டை நிறுத்தி அறிவிப்பார்கள். ராத்திரி பூராவும் ஆண்களின் பெயர்தான் வந்துகொண்டிருந்தது. அன்றைய வள்ளி முப்பது வயதைத் தாண்டிய, குள்ளமான, தடித்த குரல்காரி. முருகன், பெண்ணுக்குத் தனியாக ஒரு சொல் எதற்கு என்கிற மாதிரி ஏதோ கேட்டான். அவள் அவனை விடவில்லை. வேலனாக, வேடனாக, விருத்தனாக ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற உனக்கு ஒரு சொல்லாவது சொந்தமா என்று திருப்பிக் கேட்டாள். பெண்கள் பக்கத்துப் பாய்களில் ஒரு இரைச்சல் எழுந்தது. அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து, பத்து ரூபாய்த் தாளை எடுத்து, என் கையில் கொடுத்து மேடைக்கு ஓடச் சொன்னாள். பெயரைச் சொல்லக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினாள். ஆர்மோனியக்காரர் தாளை விளக்கில் பிடித்துப் பார்த்து, யார் கொடுத்தது என்று கேட்டார். பொம்பளைங்க பக்கம் என்றேன். அவர் அதையே மைக்கில் சொன்னார்.